பழைய வால்வு ஆம்ப் கைக்கு வந்தா மொதல்ல ப்ளக்கை சொருகாதீங்க

பழைய வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வெச்ச ஆம்ப்ளிஃபையர்) ஒண்ணு கெடைச்சதும் எல்லாரும் பண்ற மொதல் வேலை ப்ளக்கை சொருகி "ஓடுதா பாப்போம்"னு சுவிட்சை தட்றதுதான். தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. பல வருஷமா கரண்டையே பாக்காத செட்டுக்கு திடீர்னு முழு வோல்டேஜ் குடுத்தா உள்ள காஞ்சு கெடக்குற ஃபில்டர் கண்டென்சர் (டிசியை சமப்படுத்துறது) ஷார்ட் ஆகும், அது ரெக்டிஃபையரை (ஏசியை டிசியா மாத்துறது) இழுத்துக்கும், ரெக்டிஃபையர் போற போக்குல மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிட்டுப் போயிடும். கண்டென்சர் புதுசு வாங்கலாம், வால்வு கூட தேடினா கெடைக்கும், ஆனா அந்த செட்டுக்குன்னு சுத்துன டிரான்ஸ்ஃபார்மர் போச்சுன்னா போச்சுதான்.

இன்னொண்ணும் இப்பவே சொல்லிடறேன். சத்தம் சரியில்லைன்னா புதுசா வர்றவங்க ஒடனே வால்வைத்தான் சந்தேகப்படுவாங்க, நானும் அப்படித்தான் இருந்தேன். உண்மையில வால்வு பல நேரம் அடி வாங்குற ஆளு, அடிக்கிற ஆளு பக்கத்துல அப்பாவி மாதிரி உக்காந்திருக்குற ஒரு சின்ன கண்டென்சரோ ரெசிஸ்டரோதான். அதனால மீட்டர் வெச்சு பாக்காம ஒரு வால்வு கூட புதுசா வாங்காதீங்க.

உயிர் விஷயம்

டிரான்சிஸ்டர் ஆம்ப்ல கை வெச்சு பழகினவங்களுக்கு இங்க பழக்கமே எதிரி. வால்வு செட்டுல ஹெச்டி லைன் (வால்வுகளுக்கு போற அதிக வோல்டேஜ்) சாதாரணமா 250 வோல்ட்ல இருந்து 450, 500 வரைக்கும் இருக்கும், அதுவும் டிசி. ப்ளக்கை கழட்டினாலும் ஃபில்டர் கண்டென்சர்ல அது தங்கி நிக்கும். நான் ஒரு தடவை ப்ளக்கை புடுங்கி ஒரு மணி நேரம் கழிச்சுதான் உள்ள கை வெச்சேன், ஆனா அதுக்கு முன்னாடியே ஓடிட்டு இருந்த செட்டை ஆஃப் பண்ண கையோட அவுட்புட் வால்வு ரெண்டையும் கழட்டி வெச்சிருந்தேன், அந்த செட்டுல சார்ஜை தானா எறக்குற பிளீடர் ரெசிஸ்டரும் கெடையாது, அப்ப சார்ஜ் எறங்க வழி எது? ஷாக் அடிச்சதை விட கை வெடுக்குனு பின்னால வந்து சேஸிஸ் (செட்டோட உலோகச் சட்டம்) ஓரத்துல கிழிச்சதுதான் பெரிய காயம். தழும்பு இன்னும் இருக்கு.

அதனால மொதல்ல டிஸ்சார்ஜ் பண்ற ஒரு குச்சி செஞ்சுக்கங்க. 10 கிலோ ஓம், 10 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒண்ணு, ஒரு பக்கம் நல்ல இன்சுலேஷன் உள்ள வயர்ல குரோக்கடைல் கிளிப், இன்னொரு பக்கம் பழைய மீட்டர் ப்ரோப், ரெசிஸ்டர் மேல ஸ்லீவ் போட்டு முழுசா மூடிடுங்க. ப்ளக்கை சுவத்துல இருந்து கழட்டி, அது கண்ணுக்கு தெரியுற மாதிரி மேஜை மேல வெச்சுட்டு, கிளிப்பை சேஸிஸ்ல மாட்டி, ப்ரோப்பை ஒவ்வொரு ஃபில்டர் கண்டென்சர் பாசிட்டிவ்லயும் 20 செகண்ட் புடிங்க. 100 மைக்ரோஃபாரடா இருந்தாலும் அஞ்சு செகண்ட்ல கிட்டத்தட்ட காலி ஆயிடும், மீதி நம்ம மனசு சமாதானத்துக்கு. அப்புறம் மீட்டரை வெச்சு பாருங்க, கொஞ்ச நேரம் கழிச்சு திரும்பவும் பாருங்க, ஏன்னா டிஸ்சார்ஜ் ஆன கண்டென்சர்ல கொஞ்சம் வோல்டேஜ் தானா திரும்ப ஏறும். ஸ்க்ரூ டிரைவரை குறுக்க வெச்சு 'டப்'புனு ஷார்ட் பண்றதெல்லாம் வேணாம், அது கண்டென்சருக்கும் கெடுதல், கண்ணுக்கும் கெடுதல்.

செட் ஓடிட்டு இருக்கும்போது அளக்க வேண்டி வந்தா கருப்பு ப்ரோப்பை கிளிப் போட்டு சேஸிஸ்ல நிரந்தரமா மாட்டிடுங்க, சிவப்பு ப்ரோப்பை மட்டும் ஒரு கையில புடிங்க, இன்னொரு கை பாக்கெட்ல. ரெண்டு கையும் உள்ள இருந்தா கரண்ட் நெஞ்சு வழியா போகும், அவ்ளோதான் காரணம். மோதிரம், வாட்ச் கழட்டிடுங்க. தனியா இருக்குறப்ப, தூக்கம் சொக்குறப்ப செட்டை தொறக்காதீங்க. மீட்டரும் ப்ரோப்பும் குறைஞ்சது 600 வோல்ட், முடிஞ்சா 1000 வோல்ட் தாங்குறதா இருக்கட்டும்.

அடுத்தது, ஸ்பீக்கர் மாட்டாம வால்வு ஆம்பை எப்பவும் ஓட்டாதீங்க. டிரான்சிஸ்டர் ஆம்புக்கு ஸ்பீக்கர் இல்லைன்னா பெருசா ஒண்ணும் ஆகாது, இதுல லோடு இல்லாம சிக்னல் போனா அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரில வோல்டேஜ் எகிறி உள்ளயே ஸ்பார்க் அடிச்சு வைண்டிங் போயிடும். நல்ல ஸ்பீக்கரை பணயம் வெக்க மனசு வரலைன்னா 8 ஓம் பெரிய வாட் ரெசிஸ்டரை மாட்டுங்க.

இது எந்த மாதிரி செட்டு?

தொறந்ததும் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கான்னு பாருங்க. சில பழைய சின்ன ஆம்ப், ரேடியோ, ரெக்கார்ட் பிளேயர்ல அது இருக்கவே இருக்காது, எல்லா வால்வோட ஹீட்டரையும் (வால்வை சூடாக்குற இழை) சீரிஸ்ல கோர்த்து நேரா மெயின்ஸ்ல குடுத்திருப்பாங்க, சேஸிஸே மெயின்ஸோட ஒரு பக்கத்துல இருக்கும். ப்ளக்கை எப்படி சொருகுறோம்ங்கறதை பொறுத்து அந்த தகடு முழுக்க கரண்டா இருக்கலாம். ப்ளக்கை சுவத்துல சொருகாம, சுவிட்சை மட்டும் ஆன்ல வெச்சுட்டு, ப்ளக் பின்னுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல ரெசிஸ்டன்ஸ் பாருங்க. கொஞ்ச ஓம்தான் காட்டுதுன்னா இதுதான் கதை. மெயின்ஸை பிரிச்சு குடுக்குற ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம இதுல கை வெக்காதீங்க, சேஸிஸை எர்த் பண்ணவும் கூடாது. வோல்டேஜை ஏத்தி எறக்குற வேரியாக் இருக்கேன்னு சொல்லாதீங்க, சாதாரண வேரியாக் வோல்டேஜை குறைக்கும், பிரிக்காது. புதுசா ஆரம்பிக்கிறவங்க இந்த வகையை அனுபவசாலி கிட்ட விட்டுடறதுதான் நல்லது, இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டுன்னா கீழ உள்ளதெல்லாம் உங்களுக்கு. பழைய ரெண்டு கம்பி கார்டு ரப்பர் ஒடிஞ்சு பொடிப்பொடியா உதிரும், அதை எடுத்துட்டு மூணு கம்பி கார்டு போட்டு பச்சை வயரை சேஸிஸ்ல தனி போல்ட்டு நட்டு வெச்சு முறுக்குங்க. மெயின்ஸ்ல இருந்து சேஸிஸுக்கு ஒரு கண்டென்சர் போயிருந்தா அது லீக் ஆனா ஆளையே தூக்கிடும், வெட்டி எடுத்துடுங்க, கட்டாயம் வேணும்னா ஒய் கிளாஸ் சேஃப்டி கண்டென்சர் மட்டும்தான் போடணும். பின்னாடி வோல்டேஜ் செலக்டர் இருந்தா அது எதுல நிக்குதுன்னு பாருங்க. ஃபியூஸ் ஹோல்டரையும் கழட்டிப் பாருங்க, உள்ள வெள்ளி பேப்பர் சுத்தி வெச்ச ஃபியூஸ் எல்லாம் பாத்திருக்கேன்.

கரண்ட் இல்லாம பாக்க வேண்டியது

வால்வு எது எங்க இருந்துச்சுன்னு போட்டோ எடுத்துட்டு கழட்டுங்க, கண்ணாடியோட நெத்தியை புடிச்சு ஆட்டாம அடியில புடிச்சு நேரா மேல இழுங்க. வால்வு உள்பக்கம் வெள்ளி மாதிரி பூச்சு இருக்கும், அது பால் மாதிரி வெளுத்துப் போயிருந்தா காத்து உள்ள போயிடுச்சுன்னு அர்த்தம், அந்த வால்வு முடிஞ்சது. கறுப்பா பழுப்பா இருந்தா கவலை வேணாம். அடியில இருக்குற கண்டென்சர்கள் மெழுகு உருகி வழிஞ்சிருக்கா, ஃபில்டர் கண்டென்சர் அடியில வெள்ளை உப்பு படிஞ்சிருக்கா, டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து தார் ஒழுகியிருக்கா, கருகின வாடை வருதா பாருங்க. மூக்கு இந்த வேலையில ஒரு நல்ல மீட்டர்.

அப்புறம் ஓம் ரேஞ்சுல அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரி. புஷ்புல் செட்டுன்னா (ரெண்டு அவுட்புட் வால்வு ஜோடியா வேலை செய்யறது) நடு டேப்ல இருந்து ரெண்டு வால்வோட பிளேட்டுக்கும் (வால்வு உள்ள கரண்ட் வந்து சேர்ற தகடு) தனித்தனியா பாருங்க, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு இருக்கணும், சரியா ஒண்ணா இல்லைன்னா பரவால்ல. ஒரு பக்கம் ஓப்பன்னா அங்கயே நிறுத்திட்டு டிரான்ஸ்ஃபார்மர் சுத்துறவரை தேடுங்க. ஹெச்டி லைன்ல இருந்து சேஸிஸுக்கு பாத்தா ரெசிஸ்டன்ஸ் கம்மியா ஆரம்பிச்சு மெதுவா ஏறணும், ஏறாம அடியிலயே ஒட்டிக்கிட்டு நின்னா ஏதோ ஷார்ட்.

இங்கயே ரெசிஸ்டர்களையும் பாத்துடுங்க. பழைய கார்பன் ரெசிஸ்டர் வயசானா மதிப்பு ஏறும். சர்க்யூட்ல இருக்கும்போதே அளந்தா பக்கத்துல உள்ளதெல்லாம் பேரலலா சேந்து கம்மியாதான் காட்ட முடியும், அதனால எழுதியிருக்கறதை விட அதிகமா காட்டுச்சுன்னா அது கண்டிப்பா போச்சுன்னு கண்ணை மூடிட்டு சொல்லலாம். 100 கே பிளேட் ரெசிஸ்டர் 160 காட்டுறதெல்லாம் சகஜம்.

சீரிஸ் லேம்ப்

இது இல்லாம மொதல் தடவை ஆன் பண்ணவே கூடாது. ஒரு குண்டு பல்பை, 60 வாட் போதும், செட்டோட சீரிஸ்ல வர்ற மாதிரி ஒரு போர்டு செஞ்சுக்கங்க. எல்இடி பல்பு ஆகாது, இழை எரியுற பழைய பல்புதான் வேணும், ஏன்னா சூடாக சூடாக அதோட ரெசிஸ்டன்ஸ் ஏறி கரண்டை தானே மட்டுப்படுத்தும்.

மொதல்ல எல்லா வால்வையும், ரெக்டிஃபையர் உட்பட, கழட்டிட்டு ஆன் பண்ணுங்க. பல்பு ஒரு தடவை மின்னிட்டு அணைஞ்சோ மங்கியோ நின்னா மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் நல்லா இருக்கு. பளிச்சுனு எரிஞ்சா உள்ள ஷார்ட், ஆஃப் பண்ணிடுங்க. அடுத்தது ரெக்டிஃபையரை மட்டும் போடுங்க, ஹெச்டில மீட்டரை மாட்டியே வெச்சிருங்க, பல்பு கொஞ்சம் ஏறி எறங்கணும். இங்க ஒரு சூட்சுமம் இருக்கு, மத்த வால்வு இல்லாததால லோடு கெடையாது, ஹெச்டி வழக்கத்தை விட நல்லா மேல போகும், கண்டென்சர் மேல எழுதியிருக்குற வோல்டேஜை நெருங்குச்சுன்னா உடனே ஆஃப். கடைசியா எல்லா வால்வையும் போட்டு ஸ்பீக்கரையும் மாட்டி ஆன் பண்ணா பல்பு நடுத்தரமா எரியும், ஹீட்டர் எல்லாம் கரண்ட் இழுக்கும்ல. பல்பு இருக்குறவரைக்கும் அளக்கற வோல்டேஜ் எல்லாம் கம்மியாதான் இருக்கும், அதை வெச்சு முடிவுக்கு வராதீங்க.

ஃபில்டர் கண்டென்சரை மெதுவா வோல்டேஜ் ஏத்தி உயிர் குடுக்கலாம்னு சொல்றவங்க உண்டு. என்னை கேட்டா, அம்பது வருஷ கண்டென்சருக்கு பாவம் பாக்காதீங்க, மாத்திடுங்க. வோல்டேஜ் அதே அளவோ மேலயோ இருக்கலாம், மைக்ரோஃபாரடை மட்டும் இஷ்டத்துக்கு ஏத்தாதீங்க. வால்வு ரெக்டிஃபையருக்கு முதல் கண்டென்சர் எவ்ளோ பெருசா இருக்கலாம்னு ஒரு எல்லை உண்டு, ஜிஇசட்34ங்கற ரெக்டிஃபையர் வால்வுக்கு 60 மைக்ரோஃபாரட்தான், அதுக்கு மேல போட்டா ஆன் பண்ற நேரத்துல அது இழுக்குற கரண்ட்ல ரெக்டிஃபையர் உள்ள ஸ்பார்க் அடிக்கும். ஃபிக்ஸ்டு பயாஸ் செட்டுல, அதாவது அவுட்புட் வால்வு இழுக்குற கரண்டை மட்டுப்படுத்த தனியா நெகட்டிவ் வோல்டேஜ் குடுக்குற செட்டுல, இன்னொரு கண்ணி இருக்கு, பயாஸ் லைன் நெகட்டிவ் வோல்டேஜ், அதனால அந்த கண்டென்சரோட பாசிட்டிவ்தான் சேஸிஸுக்கு போகும். பழக்க தோஷத்துல திருப்பி மாட்டினா வெடிக்கும், பயாஸ் போன அவுட்புட் வால்வும் கூடவே போகும்.

பிளேட் செவக்குதா

இதை கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், ஏன்னா இதுலதான் நான் ரெண்டு ஜோடி வால்வை தொலைச்சேன். ஈஎல்84 அவுட்புட் வால்வு போட்ட புஷ்புல் செட்டு, பத்து நிமிஷம் நல்லா பாடும், அப்புறம் சத்தம் கம்ம ஆரம்பிக்கும், லைட்டை அணைச்சுட்டு பாத்தா ஒரு வால்வோட சாம்பல் கலர் பிளேட்டுல மடிப்பு ஓரமா மங்கலா செவப்பு. வால்வு வீக்குன்னு நெனச்சு புது ஜோடி போட்டேன், ஒரு வாரம் ஓடுச்சு, திரும்ப அதே சாக்கெட்ல அதே செவப்பு. இன்னொரு ஜோடியும் போட்டேன். அதே சாக்கெட்டுங்கறது அப்பவும் மண்டையில ஏறல.

அப்புறம்தான் ஒரு நாள் பொறுமையா உக்காந்து 2ம் பின்ல, அதாவது வால்வு கரண்டை கட்டுப்படுத்துற கிரிட்ல, மீட்டரை வெச்சேன். கேத்தோடு பயாஸ் செட்டுல, அதாவது கேத்தோடுல (எலக்ட்ரான் கெளம்புற முனை) ஒரு ரெசிஸ்டர் போட்டு கரண்டை மட்டுப்படுத்துற செட்டுல, அங்க சுழியம் வோல்ட் இருக்கணும். எனக்கு 4 காட்டுச்சு, பாத்துட்டு இருக்கும்போதே 5, 6னு ஏறி 11ல போய் நின்னுச்சு. முன்னாடி ஸ்டேஜ் பிளேட்டுல இருக்குற டிசியை தடுத்து சிக்னலை மட்டும் விட வேண்டிய கப்ளிங் கண்டென்சர், பழைய பேப்பர் வகை, சூடாக சூடாக டிசியையும் கசிய விட்டிருக்கு. கிரிட் பாசிட்டிவ் பக்கம் போனா வால்வு கரண்டை அள்ளி இழுக்கும், பிளேட் செவக்கும்.

கிரிட்ல வோல்டேஜ் இருந்தா கண்டென்சர்தான்னு அப்பவும் அவசரப்படாதீங்க, உள்ள கேஸ் (வாயு) சேந்த வால்வும் கிரிட்டை பாசிட்டிவ் ஆக்கும். பிரிச்சு பாக்க சுலபமான வழி இருக்கு. ஆஃப் பண்ணி, ஆறினதும் அவுட்புட் வால்வை கழட்டிட்டு திரும்ப ஆன் பண்ணி அதே பின்ல அளங்க. வோல்டேஜ் இன்னும் இருந்தா கண்டென்சர், காணாம போச்சுன்னா வால்வு. லோடு இல்லாம ஹெச்டி ஏறும்னு மேல சொன்னது இங்கயும் பொருந்தும், அளந்ததும் ஆஃப் பண்ணிடுங்க. ஃபிக்ஸ்டு பயாஸ்னா சுழியத்துக்கு பதிலா அங்க நெகட்டிவ் வோல்டேஜ் இருக்கணும், ஈஎல்34 அவுட்புட் வால்வுல கிரிட் 5ம் பின். பின் எண்ணும்போது சாக்கெட்டை அடியில இருந்து பாத்து கடிகார முள் போற திசையில எண்ணணும், மேல இருந்து எண்ணி தப்பான பின்ல ப்ரோப் வெக்கிறது புதுசா வர்ற எல்லாரும் பண்றதுதான். மாத்துறப்ப அதே மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் வகை போட்டா போதும், விலை ஒசந்த ஆடியோ கண்டென்சர் எல்லாம் உங்க இஷ்டம்.

செவப்பு எப்ப தெரிஞ்சாலும் யோசிக்காம ஆஃப். வால்வு கண்ணாடியில நீலமா லேசா ஒளி தெரிஞ்சா பயப்படாதீங்க, அது பவர் வால்வுல இயல்பு. பிளேட்டுக்கு உள்ள ஊதாவா புகை மாதிரி நெறைஞ்சு நின்னா அது கேஸ்.

கணக்கு

அவுட்புட் வால்வு எவ்ளோ உழைக்குதுன்னு தெரிய கேத்தோடு ரெசிஸ்டர் மேல உள்ள வோல்டேஜை அந்த ரெசிஸ்டர் மதிப்பால வகுத்தா கரண்ட். ஈஎல்84 ஒத்தை வால்வுக்கு கம்பெனி டேட்டாஷீட் சொல்ற வழக்கமான நிலை: பிளேட் 250 வோல்ட், கேத்தோடு ரெசிஸ்டர் 135 ஓம், அதுல சுமார் 7.3 வோல்ட். அப்ப மொத்தம் 54 மில்லி ஆம்ப் மாதிரி வரும், அதுல ஸ்கிரீனுக்கு (கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவுல உள்ள இன்னொரு கிரிட்) 5.5, பிளேட்டுக்கு 48. 250ஐ 48 மில்லி ஆம்பால பெருக்கினா 12 வாட், அதுதான் அந்த வால்வோட பிளேட் தாங்குற எல்லை. டைனகோ எஸ்டி70 மாதிரி செட்டுல இந்த கணக்கையே எளிமையாக்கி, ரெண்டு ஈஎல்34க்கும் பொதுவா 15.6 ஓம் வெச்சு, அதுல 1.56 வோல்ட் வர்ற மாதிரி பயாஸை திருப்ப சொல்லியிருப்பாங்க, அதாவது ஜோடிக்கு 100 மில்லி ஆம்ப். ஹீட்டர் 6.3 வோல்ட்டுக்கு 10 சதவீதம் முன்ன பின்ன இருக்கலாம். பழைய செட்டு 220க்கு சுத்துனது, இப்ப 230, 240 வந்தா ஹெச்டியும் ஹீட்டரும் சேந்து ஏறும்ங்கறதையும் மனசுல வெச்சுக்கங்க.

சத்தம் சம்பந்தமா

ஹம்மிங்னா வால்யூமை அடியில வெச்சு பாருங்க. அப்பவும் மாறாம, கரகரப்பா 'பர்ர்'னு வந்தா ஃபில்டர் கண்டென்சர், மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ்னா அது 100ல கேக்கும், 60னா 120ல. மிருதுவான ஆழமான 'ம்ம்ம்' மெயின்ஸ் அலைவரிசையிலயே வரும், அது ஹீட்டர் வயரிங், எர்த் லூப், இல்ல கேத்தோடு ஹீட்டர் லீக் ஆன வால்வு. வால்யூம் ஏத்த ஏத்த ஹம் ஏறுச்சுன்னா இன்புட் கேபிள்ல ஆரம்பிங்க.

கரகர, படபடன்னு வந்தா ஒரு மர பென்சிலோட பின்பக்கத்தால வால்வை ஒவ்வொண்ணா மெதுவா தட்டுங்க. மணி மாதிரி ஸ்பீக்கர்ல கேட்டா அந்த வால்வு மைக்ரோஃபோனிக், 12ஏஎக்ஸ்7 மாதிரி முன் வரிசை வால்வுல இது அதிகம். தட்டுன ஒடனே சத்தம் சரியாகி திரும்ப வந்தா பெரும்பாலும் வால்வு இல்ல, சாக்கெட் லூஸ் காண்டாக்ட். ஆஃப் பண்ணி, டிஸ்சார்ஜ் பண்ணி, சாக்கெட்ல காண்டாக்ட் கிளீனர் கொஞ்சமா போட்டு வால்வை நாலஞ்சு தடவை சொருகி எடுங்க, காஞ்ச பிறகு ஆன் பண்ணுங்க. வால்யூம் கண்ட்ரோலுக்கும் இதே வைத்தியம். ஸ்டீரியோ செட்டுல ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தா உங்களுக்கு அதிர்ஷ்டம், இந்தப் பக்க வால்வை அந்தப் பக்கம் மாத்தி போட்டு கோளாறு கூடவே போகுதான்னு பாத்தா முடிஞ்சது, நல்ல சேனலோட வோல்டேஜே உங்களுக்கு சர்க்யூட் படம் மாதிரி.

மத்த பராமரிப்பு சின்ன விஷயங்கள்தான். சுத்தி காத்து போக இடம் விடுங்க, மேல எதையும் வெக்காதீங்க, ஆஃப் பண்ண கையோட திரும்ப ஆன் பண்ணாதீங்க, சூடா இருக்கும்போது செட்டை நகத்தாதீங்க. வால்வு மேல எழுதியிருக்குற நம்பரை ஈரத் துணியால தொடைச்சா நம்பரே அழிஞ்சு போயிடும், அப்புறம் அது என்ன வால்வுன்னு கண்டுபுடிக்க நாள் ஆகும். ரெக்டிஃபையர் சாக்கெட் ஒண்ணா இருக்கேன்னு 5ஒய்3 இருந்த எடத்துல ஜிஇசட்34 போட்டுடாதீங்க, அது கம்மியாதான் வோல்டேஜை விழுங்கும், ஹெச்டி ஏறி மத்ததெல்லாம் சூடாகும்.

எல்லாம் முடிஞ்சு சீரிஸ் லேம்ப்பை எடுத்துட்டு முழு கரண்ட்ல ஓட்டுற மொதல் நாள், பக்கத்துலயே ஒரு மணி நேரம் உக்காருங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேத்தோடு வோல்டேஜ், கிரிட் வோல்டேஜ், ஹெச்டி மூணையும் ஒரு தாள்ல எழுதுங்க, டிரான்ஸ்ஃபார்மரை அப்பப்ப புறங்கையால தொட்டுப் பாருங்க, சூடு இருக்கலாம், கையை வெக்க முடியாத அளவு இருக்கக் கூடாது. நம்பர் ஏறாம நின்னுச்சுன்னா தேதி போட்டு அந்த தாளை அடி மூடிக்கு உள்பக்கமா ஒட்டிட்டு ஸ்க்ரூவை முறுக்குங்க. அடுத்த தடவை தொறக்கும்போது மொதல்ல தேடப் போறது அதைத்தான்.